கோமளாவின் கறுப்புக் குழாய்

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி காலை பதினோரு மணிக்கு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. செய்தது என்னவோ ஒரே ஒரு வாக்கியம் பேசியதுதான். அதுவும் முப்பத்தாறு வருடமாகத் தில்லியில் நான் பேசிக்கொண்டிருக்கும் ஹிந்தியில். அந்த ஒரு வாக்கியத்தில் என் மனைவியின் நாலு வருட உழைப்பு போயிற்று. இதை நானே எழுதி வைக்காவிட்டால் என் மகள் சிந்து கண், காது, மூக்கு வைத்து ஊரெல்லாம் சொல்லிவிடுவாள். அவளுக்கு எல்லாமே தமாஷ்.

முதலில் என் மனைவி கோமளா யார் என்று சொல்ல வேண்டும். தில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மத்திய சர்க்கார் குமாஸ்தா. படித்தது அங்கேயே தமிழ்ப் பள்ளியில். தெருவில் ஹிந்தி, வீட்டுக்குள் அப்பாவின் திருநெல்வேலித் தமிழ் என்று இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வளர்த்துக்கொண்டவள். இருபத்திரண்டு வயதில் ஓர் அமைச்சகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். மிஷின் கெட்டால் மெக்கானிக் வரட்டும் என்று மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். இவள் கொண்டை ஊசியை உருவி மிஷினின் வயிற்றைத் திறந்துவிடுவாள்.

கம்ப்யூட்டர் வந்து டைப்ரைட்டர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜமா மசூதிப் பக்கம் பழைய சாமான் கடைகளுக்குப் போய்விட்டு, துருப்பிடித்த ஒரு பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். குழாய் இல்லாத கிராமபோன்.

"என்ன கண்றாவி இது?" என்றேன்.

"ஸ்பிரிங் இருக்கு, லீவர் இருக்கு, பல்சக்கரம் இருக்கு. டைப்ரைட்டர்தான், ஆனா பாடும்" என்றாள்.

அப்படி ஆரம்பித்தது, ஆர்.கே.புரத்தில் எங்கள் தரைத்தள வீட்டில் பதினொரு கிராமபோனில் வந்து நின்றது. சாப்பாட்டு மேஜைக்குக் கீழே இரண்டு, துணி பீரோவுக்கு மேலே மூன்று, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று. விருந்தாளி வந்தால் நான் ஸ்டூலில் உட்கார வேண்டும், நாற்காலியில் கிராமபோன் உட்கார்ந்திருக்கும். நசுங்கிய தகரக் குழாயை மணல் பையின் மேல் கவிழ்த்து, மரக் கரண்டியின் முதுகால் தட்டித் தட்டி நிமிர்த்துவாள். சைக்கிள் டியூபை வெட்டி ரப்பர் வளையம் செய்வாள். பித்தளையைப் பளபளவென்று தேய்க்கவே மாட்டாள். கடைக்காரர்கள் புதிதாக அடித்த குழாயில் பழைய பெயர்ப் பட்டையை ஒட்டி விற்பதெல்லாம் அவளிடம் நடக்காது. விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "போன தீபாவளிக்குப் பொறந்தது" என்று கீழே வைத்துவிடுவாள்.

எனக்கு இதில் பெருமையா எரிச்சலா என்றால், இரண்டும்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு இருப்பது கையல்ல, காது. மூன்றாவது அறையிலிருந்தபடி, "பரண் மேல இருக்கற பெட்டியில ஸ்பிரிங் தளருது" என்பாள். ஏறிப் பார்த்தால் தளர்ந்திருக்கும். அதே காதுதான் என் ஹிந்தியையும் விடாது. கல்யாணமான புதிதிலிருந்தே திருத்துவாள். நான் அம்பாசமுத்திரம் பக்கத்தவன், ஸ்டெனோகிராஃபர் வேலைக்காக வந்தவன். என் ஹிந்தியைக் கேட்டு எந்தக் கடைக்காரனும் சாமான் தராமல் அனுப்பியதில்லை. "அந்த எழுத்து அப்படி இல்லீங்க" என்று அவள் தொடங்கினால், "வேலை நடக்குதுல்லா, போதும்" என்று எழுந்து போய்விடுவேன். வீம்புக்குத் திருத்துகிறாள் என்றுதான் நினைத்தேன்.

நாலு வருடத்துக்கு முன் நிஜாமுதீனில் ஒரு டாக்டர் குடும்பம் பழைய வீட்டை இடிக்கப் போவதாகவும், தாத்தா காலத்து கிராமபோன் ஒன்று கிடப்பதாகவும் யாரோ சொல்ல, கோமளா போனாள். திரும்பி வந்தபோது ஆட்டோவின் பின் சீட்டு முழுக்க ஒரு சாக்கு மூட்டை. அவிழ்த்தாள். மூன்று துண்டாக உடைந்த ஒரு ராட்சசக் குழாய். தகரமல்ல, பித்தளையல்ல. காகிதம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காகிதத்தில் குழாயா? அவளோ அந்தத் துண்டுகளைத் தொட்ட மாதிரி பிறந்த குழந்தை சிந்துவைக்கூடத் தொட்டதில்லை. சீமையில் ஒரு காலத்தில் காகிதத்தைக் கூழில் ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முழுக்கக் கையாலேயே இந்தக் குழாய்களைச் செய்தார்களாம். தகரம் கரகரக்கும், காகிதம் கரகரக்காது, பாடுகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்குமாம். "இருக்குமாம்" என்றுதான் அவளும் சொன்னாள். அவள் கேட்டதில்லை. கேட்டுவிட வேண்டும் என்பதே அவளுக்கு வாழ்க்கையாகப் போயிற்று.

அந்தத் துண்டுகளை அளவாக வைத்து அதே மாதிரி புதுக் குழாய் செய்ய இறங்கினாள். காகிதத்திலும் பல காகிதம் பார்த்தாள். பளபளப்புக் காகிதம் கூழைக் குடிக்கவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நாங்கள் அப்பளமும் புளியும் வாங்கும் கடையில் சாமான்கள் ஊரிலிருந்து தமிழ்ப் பத்திரிகைக் காகிதத்தில் சுற்றி வரும். அந்தக் காகிதம்தான் சரியாக இருந்தது. கடைக்காரரிடம் புளியை விட்டுவிட்டுப் பொட்டலக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வருவாள். கோதுமைக் கூழில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து, ஒரு அடுக்கு ஒட்டி, நாலு நாள் காயவிட்டு, அடுத்த அடுக்கு. தில்லி மழைக்காலத்தில் ஒன்றும் காயாது. ஜூலை, ஆகஸ்ட் முழுக்கக் குழாய் எங்கள் படுக்கையறையில் ஃபேனுக்குக் கீழே இருக்கும், நான் ஹாலில் படுத்திருப்பேன். இப்படி நாலு வருடம். கடைசியில் இரண்டரை அடி அகல வாயும் வளைந்த கழுத்துமாக அது எழுந்து நின்றபோது எனக்கே மலைப்பாக இருந்தது. வெளியே மூன்று பூச்சு கறுப்பு வார்னிஷ்.

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி அவளுக்கு ரிட்டயர்மென்ட். அன்று மாலை ஆபீஸ் தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அன்றுதான் முதல் முறையாகக் குழாயைப் பொருத்தி இசைத்தட்டு வைப்பது. அதற்கு முன் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. "கடைசிப் பூச்சு காயாம மாட்டக் கூடாது. அவசரப்பட்டா கழுத்துல விரிசல் விடும்" என்றாள். அதன்பின் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, துவாரகாவில் நாலாவது மாடியில் நாங்கள் வாங்கிய இரண்டு அறை வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே இன்னொரு குழாய் செய்ய இடமும் கிடையாது, வெயிலும் கிடையாது. அவளுக்கும் அறுபது.

இருபத்தைந்தாம் தேதிக்கு வருகிறேன்.

வீடு மாறுவதற்காகச் சேர்த்த காலிப் பெட்டிகள் பின் முற்றத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. புது ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, பழக்கூடைகள், காலி பெயின்ட் டப்பாக்கள். ஏற்கெனவே ரிட்டயராகி வீட்டில் இருந்த என்னிடம், விருந்துக்கு முன் பாதியையாவது ஒழிக்கச் சொல்லிவிட்டு கோமளா ஆபீஸுக்குப் போயிருந்தாள். குழாய் அதே முற்றத்தில் ஒரு ஸ்டூலின் மேல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும் நேரம் வாசலில் கபாடிக்காரனின் குரல் கேட்டது. பழைய சாமான் எடுக்கிறவன். பின்பக்கச் சந்து வழியாக முற்றத்துக்கு ஒரு கேட் உண்டு. அவன் அந்த வழியாக வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

"ஆங்கன் மே ஜோ பீ காலி ஹை, சப் லே ஜாவோ" என்றேன். முற்றத்தில் காலியாக இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு போ.

அவன் வீட்டின் பக்கவாட்டு வேலிக்கு மேலாக முற்றத்தை எட்டிப் பார்த்தான். "வோ படா வாலா பீ?" அந்தப் பெரிசையுமா என்று கேட்டான்.

ஃப்ரிட்ஜ் பெட்டியைக் கேட்கிறான் என்று நினைத்தேன். "ஹாங் பையா, பஹ்லே வஹீ. ஜல்தி" என்றேன். முதலில் அதைத்தான், சீக்கிரம். சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தால் முற்றத்தில் ஃப்ரிட்ஜ் பெட்டி அப்படியே இருந்தது. பழக்கூடைகள் இருந்தன. பெயின்ட் டப்பாக்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. சோம்பேறி, வரவே இல்லை என்று திட்டிக்கொண்டே காய்கறிப் பையை இறக்கினேன். பிறகு பார்க்கிறேன், சுவரோரம் கழுவிக் கவிழ்த்திருந்த இரும்பு வாணலியைக் காணோம். ஆணியில் தொங்கிய குடையைக் காணோம். ஸ்கூட்டரின் மேல் போர்த்தியிருந்த உறையைக் காணோம். முற்றத்துக் கதவடியில் கிடந்த ரப்பர் மிதியடியைக் காணோம்.

அப்புறம் ஸ்டூலைப் பார்த்தேன். குழாய்க்கு அடியில் விரித்திருந்த பழைய துண்டு மட்டும் கிடந்தது.

திருடன் என்றால் ஸ்கூட்டரை விட்டுவிட்டு உறையை ஏன் எடுக்கிறான்? வாணலியும் குடையும் எதற்கு? ஒன்றும் புரியாமல் ஆட்டோ பிடித்து, முனிர்கா பக்கத்துச் சந்தில் கபாடிக்காரன் சாமான் சேர்க்கும் கிடங்குக்குப் போனேன்.

காகிதக் குவியலின் மேல் ஒருவர் ரப்பர் டியூபால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நனைத்தால் எடை கூடும். அந்தக் குவியலின் ஓரத்தில் கறுப்பாக நாலைந்து துண்டுகள். வண்டியில் ஏற்ற வசதியாக முழங்காலில் வைத்து ஒடித்திருக்கிறான். வார்னிஷ் விட்டு, அடுக்கு அடுக்காகப் பிரிந்து, ஊறிப்போன அப்பளம் மாதிரிக் கிடந்தது. மேல் துண்டில் தமிழ் எழுத்துகள் தெரிந்தன. ஏதோ ஜவுளிக்கடை விளம்பரம். நான் அதைத் தூக்கினேன். கையோடு பாதிதான் வந்தது.

"காலி எடுத்துட்டுப் போன்னா காலியை விட்டுட்டு இதை ஏன்டா எடுத்தே?" என்று அங்கே நின்ற கபாடிக்காரனைப் பார்த்து ஹிந்தியில் கத்தினேன். அவன் பதறிப்போய், "நீங்கதானே காலி எடுக்கச் சொன்னீங்க, காலிதான் எடுத்தேன்" என்று தன் ஹிந்தியில் கத்தினான். "காலிதான் சொன்னேன், காலியை எங்கே எடுத்தே?" "இதோ, இது காலி இல்லையா?" கால் மணி நேரம் இருவரும் ஒரே சொல்லை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தோம். கூட்டம் கூடிவிட்டது.

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் அதை இறக்கிவிட்டு வந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், பெயர் ஐயப்பன் என்று பிறகு தெரிந்தது.

"சார், கோச்சிக்காதீங்க. நீங்க சொல்றது அவனுக்குக் கறுப்புன்னு கேக்குது."

"என்னது?"

"வெறும் டப்பான்னா அதுக்கு வேற 'கா', சார். மூச்சு விட்டுச் சொல்லணும். நீங்க மூச்சு இல்லாம சொல்றீங்க. அது கறுப்பு. அவன் பாவம், கறுப்பா இருந்ததையெல்லாம் பொறுக்கிட்டு வந்துட்டான்."

வாணலி, குடை, உறை, மிதியடி எல்லாம் ஓரமாக அடுக்கியிருந்தன. எல்லாம் கறுப்பு. நம் தமிழில் காலி என்றால் காலிதான். ஹிந்தியிலும் அதே சொல், அதே பொருள், இதில் என்ன தப்பு வரும் என்று முப்பத்தாறு வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசியிருக்கிறேன். ஐயப்பன் அந்த இரண்டு சொற்களையும் எனக்காகச் சொல்லிக் காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. கூட்டத்தின் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வாணலியையும் குடையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கோமளா வரும்வரை உட்கார்ந்தே இருந்தேன். ஆறரைக்கு வந்தாள். நேராக முற்றத்துக்குப் போனாள். திரும்பி வந்தாள்.

"குழாயை உள்ள வச்சிட்டீங்களா?"

"கபாடிக்காரன் தப்பா எடுத்துட்டுப் போயிட்டான், கோமளா. மடையன். நனைச்சுட்டான். போச்சு."

என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் வந்தது.

அவள் கைப்பையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. "நீங்க அவன்ட்ட என்ன சொன்னீங்க?"

"காலியா இருக்கறத எடுத்துட்டுப் போன்னேன்."

"எப்படிச் சொன்னீங்க?"

"எப்படின்னா? ஹிந்தியிலதான்."

அவள் என்னைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த வாணலியைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கத்துவாள் என்று காத்திருந்தேன். கோபம் வந்தால் ஏதாவது ஒரு பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுவாளே, அதையாவது செய்வாள் என்று பார்த்தேன். அவள் வாணலியை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்துக் கழுவினாள். பிறகு அதிலேயே சுண்டைக்காய் வற்றல் வறுத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்குப் பயமாக இருந்தது.

"விருந்தை வேணும்னா தள்ளி வச்சிடலாம்" என்றேன்.

"எதுக்கு? வரட்டும். கூப்பிட்டாச்சுல்லா."

இருபத்தெட்டாம் தேதி ஆபீஸில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, பேசி முடித்து, ஆறு மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். பன்னிரண்டு பேர். அவளோடு இருபது வருடம் ஒரே அறையில் வேலை பார்த்த சுஷ்மா முன்னால் உட்கார்ந்தாள். பாதிப் பேர் உத்தரப் பிரதேசம், மீதி பஞ்சாப், பீகார். நாலு வருடமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் குழாயின் கதையைக் கேட்டு வந்தவர்கள். எந்த அடுக்கு காய்ந்தது, எது காயவில்லை என்றுகூட அவர்களுக்குத் தெரியும்.

மேஜைமேல் கிராமபோன் மட்டும் இருந்தது, குழாய் மாட்டும் கழுத்து மொட்டையாக நீட்டிக்கொண்டு. கோமளா சாவி கொடுத்தாள். ஒரு பழைய நாகஸ்வரத் தட்டை வைத்து ஊசியை இறக்கினாள். எங்கோ ஒரு கொசு நாகஸ்வரம் வாசிக்கிற மாதிரி இருந்தது. எல்லோரும் தலையை முன்னால் நீட்டிக் கேட்டார்கள்.

"கோமளா ஜி, போம்பு கஹாங் ஹை?" என்றாள் சுஷ்மா. குழாய் எங்கே என்கிறாள்.

"யே பதாயேங்கே" என்றாள் கோமளா. இவர் சொல்வார்.

என்னைக் காப்பாற்றுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். திருட்டுப் போயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. அவள் சொல்லவில்லை. நான் எழுந்து நின்றேன். சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று ஹிந்தியில் ஆரம்பித்தேன்.

"தப்பு என்னுடையது. கபாடிக்காரனிடம் நான் காலி எடுத்துப் போ என்றேன். அவன் அதைக் காலி என்று நினைத்துவிட்டான்."

அவர்கள் காத்திருந்தார்கள்.

"ஃபிர்?" என்றாள் சுஷ்மா. அப்புறம்?

"அவ்வளவுதான். நான் சொன்னது காலி. அவனுக்குக் கேட்டது காலி."

யாரோ ஒருவர், அப்படியானால் அவன் சரியாகத்தானே செய்தான் என்று பக்கத்திலிருப்பவரிடம் மெதுவாகக் கேட்டார். நான் இன்னும் உரக்கச் சொன்னேன். மூச்சைப் பிடித்துச் சொன்னேன், விட்டுச் சொன்னேன். ஒரு பெண் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். என் குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூட என் வாய்க்கு வழியில்லாமல் நடு ஹாலில் நின்றேன். இப்படி ஒரு நிலை எந்த மனுஷனுக்கும் வரக் கூடாது.

கோமளா எழுந்து என் எதிரே வந்து நின்றாள். ஒரு சாண் தூரம்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்து முதல் சொல்லைச் சொன்னாள். நிறுத்தினாள். இரண்டாவது சொல்லைச் சொன்னாள்.

முதல் சொல்லுக்கு அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. இரண்டாவதற்குப் படவில்லை.

சுஷ்மா "ஹே ராம்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்துவிட்டது. எனக்கும்தான். எனக்குப் புரிந்தது குழாயைப் பற்றி அல்ல. அந்த இரண்டும் வேறு வேறு சொற்கள். முப்பத்து மூன்று வருடமாக அவள் இரண்டு சொற்களைச் சொல்லியிருக்கிறாள், நான் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, கேட்காமலே இருந்திருக்கிறேன்.

"இப்ப கேட்டுதா?" என்றாள் தமிழில்.

"கேட்டுது" என்றேன்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் அழ ஆரம்பித்தாள். மூன்று நாளாக அழாதவள். தட்டு முடிந்து ஊசி உரசிக்கொண்டே இருந்தது. எடுத்து வைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.